கதவுக்கு நேரே இல்லாத கட்டில்

முதல் கால் நகர்ந்துவிட்டது. நான்கு விரல் அகலம் இருக்கும், அதற்கு மேல் இல்லை, ஆனாலும் நகர்ந்துவிட்டது. இந்த ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த நாளிலிருந்து ஒன்பது வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிற தேக்குக் கட்டில் இது. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஏகாம்பரமும் அவர் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தம் கட்டிப் பார்த்துவிட்டு, முடியாமல், கட்டிலை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த சுவரை மட்டும் அடித்துவிட்டுப் போனார்கள். காலுக்கடியில் ஈரச்சாக்கைத் திணித்தேன், சாக்கின் முனையை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு சுவரில் பாதத்தை ஊன்றி இழுத்தேன், வந்துவிட்டது. கால் நின்ற இடத்தில் தரை நேற்றுப் போட்ட மாதிரி செக்கச்செவேலென்று இருக்கிறது. மற்ற தரையெல்லாம் எங்கள் பாதம் தேய்ந்து வெளுத்ததுதான் போலிருக்கிறது. எனக்கு மூச்சு வாங்குகிறது, பீரோக் கண்ணாடியில் ஒருத்தி தலைகலைந்து பல்லெல்லாம் தெரிய நிற்கிறாள், யார் என்று ஒரு கணம் யோசித்து நான்தான் என்று தெரிந்துகொண்டேன். குணவதி. நாற்பத்தொரு வயது. ரயில் இன்ஜின் ஓட்டுகிறவள், முப்பத்தெட்டு நாளாக ஓட்டாதவள். மணி ஒன்பதே முக்கால். ஏகாம்பரம் எட்டரைக்கே திருப்பத்தூருக்குக் கிளம்பிவிட்டார், பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் வேலை, சாயங்காலம்தான் வருவார். மகள் வேலூரில் நர்சிங் விடுதியில். வீட்டில் நானும் கட்டிலும்தான், அதுவும் நல்லது, யாராவது இருந்தால் உனக்கெதுக்கு இதெல்லாம், நீ போய்ப் படு என்பார்கள். படு என்கிற வார்த்தையை முப்பத்தெட்டு நாளில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பேன். படுக்கத்தான் செய்கிறேன். படுத்தால் வருவது தூக்கம் இல்லை.

இரண்டாவது கால். இந்தக் கால் பீரோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, சுவரில் பாதத்தை ஊன்ற இடம் இல்லை, பீரோவின் அடியில் ஊன்றினால் பீரோதான் பின்னால் போகும். உட்கார்ந்துகொண்டு இழுக்க வேண்டும். ரிஹானா பார்த்தால் என்ன சொல்வாள். நேற்று அவள் கடைக்குப் போனதே ஏதாவது ஒரு பொம்மை வாங்கிக்கொண்டு வரலாம் என்றுதான். பஜாரில் அவளுடைய ஃபேன்சி ஸ்டோர், ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள், வளையலும் ஹேர்பேண்டும் விற்கிற கடையில் நான்கு வருஷமாக ஒரு தட்டு முழுக்கச் சிரிக்கிற புத்தர், தொங்குகிற மணி, கண்ணாடிக் கிண்ணத்தில் மூங்கில் செடி என்று அடுக்கிவைத்திருக்கிறாள். சரக்கோடு வந்த புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்து, ஃபெங் சுயி ஃபெங் சுயி என்று இப்போது ஊரில் பாதிப் பேருக்கு அறையை மாற்றிக் கொடுக்கிறாள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இருந்ததில்லை. ஆனால் முப்பத்தேழு நாள் தூங்காதவள் எந்தக் கடை வாசலிலும் நிற்பாள். "தூக்கம் வர்ற மாதிரி ஏதாவது இருந்தா குடுடி" என்றேன். சிரித்தாள். அப்புறம் என் கண்ணைப் பார்த்தாள், சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "பொம்மை ஒண்ணும் வேணாம். உன் ரூமை இதுல வரைஞ்சு காட்டு" என்று பில் புத்தகத்தைத் திருப்பி நீட்டினாள். வரைந்தேன். இது கதவு, இது ஜன்னல், இது பீரோ, இது கட்டில்.

"கால் எந்தப் பக்கம்?"

"கதவுப் பக்கம். தெக்க தலை வெக்கணும்னு மாமியார் போட்டது."

"கதவுக்கு நேராவா?"

"நேரா."

"கதவுக்கு அந்தாண்ட என்ன?"

"கூடம்."

"கூடத்துக்கு அந்தாண்ட?"

"வாசக்கதவு. அதுவும் நேருக்கு நேர்தான்."

"அதுக்கும் அந்தாண்ட?"

பென்சிலை எடுத்து இரண்டு கோடு போட்டேன், குறுக்கே சின்னச் சின்னதாகக் கட்டைகள் போட்டேன். அவள் தாளைப் பார்த்தபடியே இருந்தாள். "தண்டவாளமா" என்றாள் மெதுவாக. அதன்பிறகு சொன்னதெல்லாம் ரிஹானா எல்லோருக்கும் சொல்கிறதுதான், அவள் வாயில் நூறு தடவை வந்து தேய்ந்த பேச்சுதான். அறைக்குள் ஒரு சக்தி வந்து போகிறது, அதற்குச் சீனாவில் சீ என்று பெயர். "சீயா?" என்றேன். "சீதான், சிரிக்காத. அது ஆத்துத் தண்ணி மாதிரி வளைஞ்சு வளைஞ்சு மெதுவா வரணும். நேர்கோட்டுல வந்தா வேகம் பிடிச்சுக்கும் குணா. அந்த வேகம் அப்படியே படுத்திருக்கிறவங்க மேல வந்து மோதும்." சொல்லிவிட்டு அடுத்ததாக எதையோ சொல்லிக்கொண்டு போனாள், தலைமாட்டில் கெட்டிச்சுவர் வேண்டும், கட்டிலுக்கடியில் சாமான் கூடாது, கண்ணாடி கட்டிலைப் பார்க்கக் கூடாது, இரண்டு பக்கமும் இறங்க வழி வேண்டும், படுத்தபடியே கதவு தெரிய வேண்டும், ஆனால் கதவுக்கு நேரே இருக்கக் கூடாது. எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் மனசு அங்கேயே சிக்கிக்கொண்டது. நேர்கோட்டில் வந்தால் வேகம் பிடித்துக்கொள்ளும்.

பிடித்துக்கொள்ளும், எனக்குத் தெரியாதா. பதினாறு வருஷமாக நான் செய்கிற வேலையே அதுதான். வளைவில் வேகத்தைக் குறைப்போம், நேர்கோடு வந்தால் கைப்பிடியை முன்னால் தள்ளுவோம், தூரத்தில் சிக்னல் பச்சை, நான் பச்சை என்பேன், அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற அசிஸ்டென்ட் பச்சை என்பான், தண்டவாளம் இரண்டும் போய்ச் சேருகிற புள்ளி மட்டும் கண்ணில் இருக்கும். அந்தப் புள்ளியை நோக்கிப் போகிற சுகத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் புள்ளியிலிருந்துதான் அவர்களும் வந்தார்கள். பதினோரு பேர். இரண்டு பேர் நான் அசிஸ்டென்ட்டாக இருந்தபோது, ஒன்பது பேர் நான் ஓட்டும்போது. இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு எண் இருக்கிறது, அதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. ஹாரன் அடிப்போம், பிரேக் போடுவோம், அறுநூறு டன் நிற்பதற்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வேண்டும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இறங்கிப் பார்ப்போம், எழுதிக் கொடுப்போம், வண்டியை எடுப்போம். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவேன். சத்தியமாகத் தூங்குவேன். கல் நெஞ்சம் என்று என் அண்ணி ஒருமுறை சொன்னாள். இல்லை அண்ணி, அந்த வேகத்தில் முகம் தெரியாது. ஒரு சட்டை நிறம், ஒரு கை, அவ்வளவுதான், முகம் வருவதற்குள் இன்ஜினுக்குக் கீழே போய்விடும். முகம் இல்லாதவர்கள் எனக்குள் வந்து நிற்க இடம் கிடைக்கவில்லை.

வந்தது இரண்டாவது கால், ஒரு முழம் வந்துவிட்டது, சாக்கு கிழிந்துவிட்டது, போகட்டும், இன்னொரு சாக்கு இருக்கிறது. பன்னிரண்டாவது ஆள் சாகவில்லை. அதைச் சொன்னால் எல்லோரும் அப்புறம் என்ன என்கிறார்கள். டாக்டரும் கேட்டார், ரயில்வே ஆஸ்பத்திரியில், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நல்ல மனுஷர். "அந்தம்மாவைக் காப்பாத்திட்டீங்களே, அப்புறம் ஏன் இந்தத் தவிப்பு?" பதினோரு பேருக்குப் பின் ஒருத்தியைக் காப்பாற்றியவளுக்குத் தூக்கம் போய்விட்டது என்றால் யாருக்குத்தான் விளங்கும். அன்றைக்கு அந்த இடத்தில் பாதை வேலை நடந்தது, முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், முப்பதில்தான் போனேன். மேட்டை அறுத்துப் பாதை போட்ட ஒரு வெட்டைத் தாண்டித் திரும்பினால் தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து காலில் முள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் ஒரு புல்லுக்கட்டு. ஹாரன், பிரேக், ஹாரன், அசிஸ்டென்ட் செழியன் அந்தப் பக்கத்திலிருந்து "மேடம், மேடம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான், அவளுக்குக் காது கேட்காது போலிருக்கிறது, தண்டவாளம் அதிர்ந்த பிறகுதான் நிமிர்ந்தாள். வண்டி நின்றது. இன்ஜின் மூக்குக்கும் அவளுக்கும் நடுவில் இந்த அறையின் நீளம்கூட இருக்காது. அவள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை, கும்பிடவில்லை. முன்நெற்றியில் நரை, மூக்குத்தி இல்லாத மூக்கில் துளை மட்டும், மேலுதட்டில் வியர்வை, எல்லாம் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் புல்லுக்கட்டைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தேன். மூன்றாம் நாள் படுத்துக் கண்ணை மூடியதும் கதவில் வந்து நின்றார்கள், பதினோரு பேரும். எல்லோருக்கும் இப்போது முகம் இருந்தது. அவள் முகத்தைப் பங்குபோட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நின்றால் பரவாயில்லை. வந்தார்கள். வாசல் கதவில் ஆரம்பித்து, கூடத்தைத் தாண்டி, இந்தக் கதவுக்குள், நேராக, கட்டிலில் என் கால் இருக்கிற பக்கமாக. இல்லை, அதுவும் சரியில்லை. அவர்கள் நின்ற இடத்தில்தான் நின்றார்கள், நான்தான் அவர்களை நோக்கிப் போனேன். கட்டிலோடு போனேன். முதுகுக்கடியில் அந்த அதிர்வு, இரண்டு பக்கமும் சுவர்கள் பின்னால் ஓடுகிற மாதிரி, கை பிரேக்கைத் தேடும், மெத்தைதான் கையில் கிடைக்கும். எழுந்து உட்கார்ந்துவிடுவேன். நேற்று பில் தாளில் அந்த இரண்டு கோட்டையும் நானே போட்டபோதுதான் பார்த்தேன், கட்டில், கதவு, கூடம், கதவு, தண்டவாளம். ஒன்பது வருஷமாக என்னை இன்ஜினிலேயே படுக்கவைத்திருக்கிறார்கள், பிரேக் இல்லாத இன்ஜினில். யாரையும் குற்றம் சொல்லவில்லை, மாமியார் தெற்கே தலை என்றார், அவருக்குத் தெரிந்தது அது. ஆனால் இது திருப்ப முடிகிற விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லையே. மாத்திரையை மாற்றினார்கள், பால் கொடுத்தார்கள், குலதெய்வத்துக்குக் காசு முடிந்துவைத்தார்கள். கட்டிலை மட்டும் யாரும் திருப்பவில்லை.

அடியில் இருக்கிறதையெல்லாம் முதலிலேயே எடுத்திருக்க வேண்டும், அதுதான் இழுக்கும்போது தட்டுகிறது. குனிந்தால் ஒரு கடையே இருக்கிறது. ஓடாத மிக்ஸி. மாமியாரின் பித்தளை அண்டா, அதற்குள் இன்னொரு அண்டா. நின்றுபோன சுவர்க்கடிகாரம், அதையும் வைக்கக் கூடாது என்றாள் ரிஹானா, நின்ற கடிகாரம் அறையில் இருந்தால் ஆளையும் நிறுத்துமாம். மகளின் பத்தாம் வகுப்பு நோட்டுகள். ஒவ்வொன்றாக இழுத்துக் கூடத்தில் கொண்டுபோய் வைக்கிறேன், ஒவ்வொரு நடைக்கும் அறை கொஞ்சம் பெரிதாகிறது, இது சீயோ என்னவோ, மூச்சு விட இடம் கிடைப்பது நிஜம். கடைசியில், சுவரோரமாக, கைக்கு எட்டாத தூரத்தில், என் டூட்டி ஷூ. முப்பத்தெட்டு நாளுக்கு முன்னால் நான்தான் காலால் தள்ளிவிட்டது. துடைப்பத்தால் இழுத்தேன். ஒட்டடை பிடித்து, மூக்கில் பூசணம் பூத்து, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு வந்தன. இதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். ஈரத்துணி, காய்ந்த துணி, ஏகாம்பரத்தின் பாலிஷ். வெயிலில் வைத்தேன். டாக்டர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், நாளைக்கு. "உடம்புல ஒண்ணும் இல்ல. தூக்கம் வர ஆரம்பிச்சா சொல்லுங்க, ஒரு வாரம் பாத்துட்டு வண்டி ஓட்ட ஃபிட்னு எழுதறேன். வரலன்னா ஆபீஸ் வேலைக்கு எழுதிடலாம், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல." வெட்கம் இல்லைதான் சார். ஆனால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து யார் எந்த வண்டிக்குப் போகிறார்கள் என்று அடுத்தவர்கள் பெயரை எழுதிக்கொண்டிருக்க என்னால் முடியாது. பச்சை என்று சொன்னால் எதிர்ப்பக்கத்திலிருந்து பச்சை என்று பதில் வர வேண்டும் எனக்கு.

மூன்றாவது கால் சுலபமாக வந்தது. அதுதான் வினை. சுலபமாக வந்த சந்தோஷத்தில் நாலாவதையும் அதே வேகத்தில் இழுத்தேன், கட்டில் ஒரு சுற்று சுற்றிக் கோணலாகப் போய், தலைமாட்டு முனை சுவர் அலமாரியின் விளிம்பில் இடித்து, கால்மாட்டு முனை கதவை மூடி அழுத்தி நின்றுவிட்டது. இழுத்தேன், வரவில்லை. தள்ளினேன், போகவில்லை. கட்டில் அறையை மூலைக்கு மூலை குறுக்கே அடைத்துக்கொண்டு கிடக்கிறது, நான் ஜன்னல் பக்கம், கதவு அந்தப் பக்கம், கட்டிலின் மேலே ஏறிப் போனாலும் கதவைத் திறக்க முடியாது, உள்பக்கமாகத் திறக்கிற கதவு. மணி பதினொன்று ஐந்து. அப்போதுதான் சரக்கு வண்டி வந்தது. எனக்குத் தெரியும் அது சரக்கு வண்டி என்று, எந்த இன்ஜின், எத்தனை வேகம், எல்லாம் தெரியும், ஆனாலும் முதுகு வியர்த்தது, ஜன்னல் கம்பி அதிர்கிறது, கட்டில் சட்டம் அதிர்கிறது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, முள் எடுக்கிறவள் நிமிர்ந்து பார்க்கிறாள், பகலிலேயே வந்துவிட்டார்கள், கதவுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிற்கிறார்கள், கதவைத் திறக்க முடியாமல் நிற்கிறார்கள். தரையில் உட்கார்ந்துவிட்டேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு, இந்த வீட்டில் நாற்பத்தொரு வயதில், ஓடாத ஒரு கட்டிலுக்குப் பின்னால், அழுதேன். வண்டி போய்க்கொண்டே இருந்தது, ஐம்பத்தெட்டு பெட்டி, நான் எண்ணவில்லை, காது தானாக எண்ணியது. ஐம்பத்தெட்டும் போனபின் போன் அடித்தது. ரிஹானா.

"என்னடி, மாத்தினியா?"

"மாட்டிக்கிச்சு" என்றேன். "கட்டில் நடுவுல மாட்டிக்கிச்சு. நானும் உள்ள மாட்டிக்கிட்டேன். வெளிய வர முடியல."

"அழறியா?"

"ஆமா."

"நான் கடையை மூடிட்டு வரேன். இல்ல, ஆளை அனுப்பறேன், ரெண்டு பேரு இருக்காங்க, ஜன்னல் வழியா..."

"ஜன்னல்ல கம்பி இருக்கு. கதவைத் தள்ளினா கட்டிலைத்தான் இன்னும் இறுக்கும்."

"அப்ப என்னடி பண்றது?"

நான் கட்டிலைப் பார்த்தேன். போனைக் காதில் வைத்தபடியே பார்த்தேன். அது ஒரு கட்டிலாகத் தெரிந்தவரைக்கும் எனக்கு வழி தெரியவில்லை, இது உண்மை, எழுத வந்தால் எழுதிவைப்பேன். திடீரென்று அது ஒரு பெட்டியாகத் தெரிந்தது, யார்டில், தப்பான பாதையில் தள்ளிவிட்ட ஒற்றைப் பெட்டியாக. இரண்டு வருஷம் ஷண்டிங்கில் வேலை செய்தவள் நான். அந்த இரண்டு வருஷமும் செய்தது ஒன்றே ஒன்றுதான், ஒரு பெட்டி இந்தப் பாதையிலிருந்து பக்கத்துப் பாதைக்குப் போக வேண்டுமென்றால் குறுக்கே தள்ள முடியாது, முதலில் அதை வந்த வழியே பின்னால் கொண்டுபோக வேண்டும், போதுமான தூரம், அவசரப்படாமல், அப்புறம் பாதையை மாற்றிக்கொண்டு முன்னால் வர வேண்டும். பின்னால் போவது தோல்வி என்று நினைக்கிறவன் ஷண்டிங்குக்கு லாயக்கில்லை. "ரிஹானா, போனை வெச்சிடறேன்" என்றேன். "என்ன ஆச்சு?" என்றாள். "ஒண்ணும் ஆகல. பின்னால போகணும், அவ்வளவுதான்."

பின்னால் போனேன். நாலாவது காலை, சந்தோஷமாக இழுத்து வந்த அந்தக் காலை, ஒரு சாண், இரண்டு சாண், பழைய செக்கச்செவேல் வட்டத்துக்கே திரும்பத் தள்ளினேன். தலைமாட்டு முனை அலமாரியை விட்டது. இப்போது முதல் காலை முன்னால். மறுபடி நாலாவதைப் பின்னால், ஒரு முழம். எனக்கு நானே கைகாட்டிக்கொண்டேன், வா, வா, நில், என்று சத்தமாகவே சொன்னேன், ஜன்னலுக்கு வெளியே யாராவது போயிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். கட்டில் வளைந்து வந்தது. நேராக வராமல், ரிஹானா சொன்ன ஆறு மாதிரி, கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி, அலமாரியைத் தொடாமல் விரலிடையில் தாண்டி, கிழக்குச் சுவரை நோக்கித் திரும்பியது. தலைமாட்டுப் பலகை சுவரில் போய்ச் சேர்ந்தபோது டொக் என்று ஒரு சத்தம் வந்தது. பெட்டி பெட்டியோடு கோத்துக்கொள்கிற சத்தத்தின் குழந்தை மாதிரி. நான் நின்றுகொண்டே இருந்தேன். உடம்பு முழுக்க ரத்தம் ஓடுவது கேட்டது. பன்னிரண்டு பத்து. கதவைத் திறந்தேன். திறந்தது, முழுசாக, சுவரைத் தொடுகிற வரைக்கும். கூடத்தில் யாரும் இல்லை, அண்டாவும் மிக்ஸியும் மட்டும் வெயிலில் உட்கார்ந்திருந்தன.

பெருக்கினேன். துடைத்தேன். தரையில் நான்கு சிவப்பு வட்டம், கட்டில் முன்பு நின்ற இடம், அதை மறைக்கப் பாய் போடலாமா என்று யோசித்து வேண்டாம் என்று விட்டேன். கட்டில் திரும்பியதும் பீரோக் கண்ணாடி தானாகவே விலகிப்போய்விட்டது, அது இப்போது எதிர்ச்சுவரின் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதற்கென்று நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மின்விசிறி நடுக்கட்டிலுக்கு நேரே இல்லை, ஓரமாகிவிட்டது, ஏகாம்பரம் அதைச் சொல்லிக் குறைபடுவார். குறைபடட்டும். இரண்டு பக்கமும் இறங்க வழி இருக்கிறது. ஒன்பது வருஷமாக அவர் சுவரோரம், நான் வெளியோரம், அவர் எழுந்தால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். இனி ஆளுக்கொரு வழி. ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். அப்புறம் படுத்தேன். தூங்கப் படுக்கவில்லை, சரிபார்க்கத்தான் படுத்தேன், வண்டியை எடுப்பதற்கு முன் சுற்றிவந்து பார்க்கிற மாதிரி. தலைக்குப் பின்னால் சுவர், கை வைத்துப் பார்த்தேன், குளிர்ச்சியாக, கெட்டியாக. இடது பக்கம் ஜன்னல், கொஞ்சம் தள்ளி. கதவு தெரிகிறது, வலது காலுக்கு அப்பால் ஓரமாக, ஒரு பக்கப் பலகையும் கூடத்துச் சுவரில் ஒரு துண்டும் மட்டும். வாசல் தெரியவில்லை. தண்டவாளம் தெரியவில்லை. வந்தால் தெரியும், ஆனால் வருகிற வழியில் நான் இல்லை.

நீங்கள் வரலாம், என்று சொல்லிப் பார்த்தேன். மனசுக்குள்தான். பதினோரு பேரையும் கூப்பிட்டேன். வந்தால் அந்தக் கதவு வழியாக வந்து, நேரே போய், பழைய இடத்தில், அந்தச் சிவப்பு வட்டங்களுக்கு நடுவில் நில்லுங்கள். உட்காருங்கள் வேண்டுமானால். நான் உங்களை நிறுத்தப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கை பிரேக்குக்குப் போனது, ஒரு தடவைகூட என் கை தாமதித்ததில்லை, செழியனைக் கேளுங்கள், மற்றவர்களைக் கேளுங்கள், வேகம் என் கையைவிடப் பெரிதாக இருந்தது. ஒருத்திக்கு மட்டும் கை போதுமானதாக இருந்தது. அவள் இந்நேரம் எங்கேயோ புல் அறுத்துக்கொண்டிருப்பாள், முள் குத்தின காலோடு, மாட்டுக்கு. அவள் முகத்தை அவளுக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதைச் சொல்லும்போது முழங்கை வலித்தது, இடுப்பு வலித்தது, நல்ல வலி, வேலை செய்த வலி. யாரும் வரவில்லை. ஒரு எக்ஸ்பிரஸ் போனது. சென்னைப் பக்கம், பன்னிரண்டு ஐம்பதுக்குப் போகிறது, நான்கு நிமிஷம் தாமதம். அதிர்வு சுவர் வழியாகத் தலைக்கு வந்தது, நான் அசையாமல் இருந்தேன், அது போனது, நான் இருந்தேன். போனது அது. இருந்தது நான். பச்சை என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது, பச்சை என்றேன், ஒரு நேர்கோடு வந்தது, அது வளைந்தது, வளைந்த இடத்தில் தண்ணீர் இருந்தது, ஷூ வெயிலில் இருக்கிறது, எடுத்து வைக்க வேண்டும், அப்புறம், அப்புறம்

"குணா."

வெளிச்சம் மாறியிருந்தது. ஜன்னலின் நிழல் சுவரின் பாதிக்கு ஏறியிருந்தது. அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை, தலை எங்கே, கதவு எங்கே, ஒரு சின்னக் குழப்பம், அந்தக் குழப்பம்கூட இனிப்பாக இருந்தது. வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. ஏகாம்பரம் கையில் பையோடு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. முகம் ஒருமாதிரி இருந்தது.

"மணி என்ன?" என்றேன்.

"அஞ்சே கால்."

எண்ணிப் பார்த்தேன். ஒரு மணிக்கு. இரண்டு, மூன்று, நான்கு. நான்கு மணி நேரத்துக்கும் மேலே. மாத்திரை இல்லாமல். நான் எழுந்து உட்கார்ந்தேன். "தூங்கிட்டேன்" என்றேன்.

"பாத்தேன். கால் மணி நேரமா இங்கயேதான் நிக்கறேன். எழுப்ப மனசு வரல. கூடத்துல அண்டாவெல்லாம் கெடந்ததா, என்னமோ ஏதோன்னு..." கட்டிலைப் பார்த்தார், தரையில் நான்கு வட்டத்தைப் பார்த்தார், மறுபடி கட்டிலைப் பார்த்தார். "இத யாரு நகத்தினது?"

"நான்தான்."

"ஒருத்தியா?"

"ஒருத்திதான். நாளைக்கு டாக்டர்கிட்ட போறேங்க. ஆபீஸ் வேலை வேணாம்னு சொல்லப் போறேன்."

அவர் பையைக் கீழே வைத்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். "ஒரு தூக்கத்த வெச்சா சொல்ற?" என்றார்.

"ஒரு தூக்கத்த வெச்சுத்தான். அவரு ஒரு வாரம் பாக்கட்டும். ரெண்டு வாரம் வேணும்னாலும் பாக்கட்டும். நான் தூங்குவேன்."

உள்ளே வந்தார். தன் பக்கம் எது என்று தெரியாமல் கொஞ்சம் தயங்கிவிட்டு, நான் கைகாட்டியதும் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனார், ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக என்னைத் தாண்டாமல். விளிம்பில் உட்கார்ந்தார். ஃபேன் ஓரமா போச்சே என்றார், நான் எதிர்பார்த்ததுதான். "படுத்துப் பாருங்க, காத்து வருது" என்றேன். சட்டையோடும் பாக்கெட்டில் பேனாவோடும் படுத்தார். கதவைப் பார்த்தார். "ம்" என்றார். நான் காபி போடலாம் என்று எழுந்தேன், பசி வயிற்றைப் பிடுங்கியது, இட்லி மாவு இருக்கிறது, எட்டு இட்லி ஊற்ற வேண்டும், எட்டு போதாது. சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, சர்க்கரை போடலாமா என்று கேட்கத் திரும்பி வந்தேன்.

தூங்கிவிட்டிருந்தார். வாய் திறந்து, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, செருப்புகூடக் கழற்றாமல். அப்போதுதான் பார்த்தேன், கண்ணுக்குக் கீழே அந்தக் கறுப்பை. முப்பத்தெட்டு ராத்திரியும் நான் எழுந்து உட்கார்ந்தபோதெல்லாம் பக்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி, அசையாமல், சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்த மனுஷர். தூங்குகிறார் என்றே நினைத்திருந்தேன். இப்போதுதான் நிஜமாகத் தூங்கினால் அவருக்குக் குறட்டை வரும் என்பதே ஞாபகம் வருகிறது. செருப்பை மெதுவாக உருவிக் கீழே வைத்தேன். பேனாவை எடுத்துவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து கட்டிலோரத் தரையில் உட்கார்ந்தேன். குறட்டை கூரையைத் தொட்டது. சாயங்கால பாசஞ்சர் வருகிற நேரம். வரட்டும். அவர் எழுந்திருக்கிறபோது எழுந்திருக்கட்டும், அதற்குப் பிறகு சாப்பிடலாம்.